இரண்டிலிருந்து தொடங்கும் குறிப்புகள்

என் மூஞ்சி சரியில்லை என்று என் நாத்தனார் வாய்விட்டுச் சொல்வதற்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகியிருக்கிறது. இத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்தாளோ என்னவோ, சாப்பாட்டு மேசையில் என் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

"அண்ணி, இது புரொஃபைல் படம். தேடப்படும் குற்றவாளி மாதிரி முறைக்கிறீங்க."

"என் முகமே அப்படித்தான்."

"கொஞ்சம் சிரிங்களேன்."

"சிரிக்கிற மாதிரி என்ன நடந்துச்சு இப்ப?"

நிஜமாகவே சிரிக்கிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. பத்தொன்பது வருஷம் நான் லிஃப்ட் மெக்கானிக். அதில் கடைசி எட்டு வருஷம் ஏழு பேர் கொண்ட சர்வீஸ் குழுவுக்குத் தலைவி. நாலு மாதத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி விழுங்கியது, விழுங்கின கையோடு சர்வீஸ் பிரிவை மட்டும் துப்பிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் இருக்கிறேன். நன்றாக ஓடுகிற ஃபேனைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் எதுவும் சொல்வதில்லை, நான் ஏணியை எடுத்தால் மட்டும் பக்கத்து அறைக்குப் போய்விடுவார்.

போன வாரம் ஒரு கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தில் நேர்முகம். பதினோரு கட்டடம், முப்பத்து நாலு லிஃப்ட், எல்லாவற்றுக்கும் ஒரு தலைமை மெக்கானிக் வேண்டும். எனக்காகவே அளவெடுத்துத் தைத்த வேலை. தேர்வு செய்யும் அதிகாரி அம்மா என் அனுபவச் சான்றுகளைப் புரட்டிப் பார்த்தார், தலையாட்டினார், பிறகு தன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"எல்லாம் சரிங்க. ஆனா ஆன்லைன்ல உங்களத் தேடினா ஒண்ணுமே வரலையே. உங்க துறையில உங்கள யாருக்குமே தெரியாதா?"

லிஃப்டில் மாட்டிக்கொண்டு அழுதவர்களை நான் எத்தனை பேரை வெளியே தூக்கி விட்டிருக்கிறேன்! அவர்களில் ஒருத்தர்கூட என் பெயரைக் கேட்டதில்லை, வெளியே வந்ததும் படியைத் தேடித்தான் ஓடுவார்கள். இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? மூன்று வாரம் கழித்து இரண்டாம் நேர்முகம் என்றார். "அதுக்குள்ள கொஞ்சம் வெளிய தெரியற மாதிரி பண்ணுங்க" என்று அறிவுரையும் கொடுத்தார். கதவைச் சாத்தும்போது வேண்டுமென்றே சத்தமாகச் சாத்தினேன்.

அதனால்தான் இந்த நாத்தனார் பாடம். அவள் வேலையே கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது. இந்தக் குட்டிப் பதிவுத் தளத்தில் அவளுக்குப் பதினாலாயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு பதிவுக்கு இருநூற்று எண்பது எழுத்துதான் இடம். எனக்கு ஒருத்தரைத் திட்டவே அது போதாது.

"முதல்ல நீங்க யாருன்னு ஒரே வரியில போடுங்க. அப்புறம் உங்க வேலையில இருக்கறவங்களத் தேடிப் பிடிச்சு ஃபாலோ பண்ணுங்க. அவங்க போடறதுக்குக் கீழ உருப்படியா ஏதாவது சொல்லுங்க. அப்பதான் அவங்க உங்களத் திரும்பிப் பார்ப்பாங்க. எடுத்த எடுப்புல வேலை குடுங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க."

எடுத்த எடுப்பில் அதைத்தான் செய்தேன். 'லிஃப்ட் பழுது பார்த்துத் தரப்படும். பத்தொன்பது வருட அனுபவம்.' இரண்டு லைக் விழுந்தது. ஒன்று நாத்தனார். இன்னொன்று பக்கத்து அறையிலிருந்து என் வீட்டுக்காரர்.

"சுவத்துல ஒட்டற நோட்டீஸ் மாதிரி இருக்கு அண்ணி. உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க, கேக்கறவங்க தானா வருவாங்க."

சரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா பார்ப்போம் என்று தேடினேன். 'லிஃப்ட்', 'பழுது' என்று இரண்டு சொல்லைப் போட்டதும் முதல் ஆளாக வந்து நின்றான் கைக்குட்டை.

கைக்குட்டை எங்கள் பழைய மேனேஜர். மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு வந்தால் எண்ணெய் நாற்றம் தாங்காமல் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பான், அதனால் குழுவில் அவனுக்கு அந்தப் பெயர். ஸ்பேனர் எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத அந்த ஆளை முப்பத்தோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். தினமும் காலை எட்டு மணிக்கு 'இன்றைய பழுது' என்று ஒரு பதிவு. அன்றைக்குப் போட்டிருந்ததைப் படித்தேன்.

'என் இருபது வருட அனுபவத்திலிருந்து. கதவு பாதி மூடி மறுபடி திறந்துகொள்கிறதா? 1. லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் ஏறி, கதவு பெல்ட்டை விரலால் தடவிப் பார். பிசுபிசுத்தால் எண்ணெய். 2. சக்கரத்தின் உள்விளிம்பைத் துடை. துணியால் மட்டும். சட்டையால் துடைத்தால் வீட்டில் உதை.'

சட்டையால் துடைத்தால் வீட்டில் உதை. அது நான் எழுதியது. என் கையால், நீல மசியில், என் குழுவில் ஒருத்தன் நிஜமாகவே வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த மறுநாள் எழுதியது.

கீழே போகப் போக எல்லாம் என்னுடையது. எண்பத்தாறு பதிவு. பத்தொன்பது வருஷத்தில் நான் நிரப்பிய மூன்று நோட்டுகள், நாங்கள் வெளியேறிய அன்று ஆபீஸ் பீரோவில் விட்டு வந்தவை. நோட்டுகளை எடுத்துக்கொள்ளட்டுமா என்று அன்றைக்கு நான் கேட்டதற்கு, "கம்பெனி பொருள் மேடம், ரூல்னு ஒண்ணு இருக்கு" என்றவன் இதே கைக்குட்டைதான். இப்போது ஒவ்வொரு பதிவின் கீழும் 'குருவே', 'பொக்கிஷம் சார்' என்று ஜனம் விழுந்து கும்பிடுகிறது. 'திருட்டு ராஸ்கல்' என்று தொடங்கி இருநூற்று எண்பது எழுத்தையும் நிரப்பி, இன்னும் எழுபது மிச்சம் வழிந்து, எதைக் குறைப்பது என்று யோசிக்கிற நேரத்தில் நாத்தனார் போனைப் பிடுங்கிவிட்டாள்.

"கோவத்துல போட்டீங்கன்னா உங்களத் தேடறவங்களுக்கு முதல்ல அதான் வரும். தனியா மெசேஜ் அனுப்பிக் கேளுங்க."

கேட்டேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. 'வணக்கம் மேடம். உங்களை இங்கே பார்ப்பதில் மகிழ்ச்சி. நோட்டுகள் கம்பெனி சொத்து, அறிவைப் பகிர்வதில் தவறில்லையே. ஒரு நல்ல செய்தி: நீங்கள் விண்ணப்பித்திருக்கும் பராமரிப்பு நிறுவனத்துக்கு நான்தான் தொழில்நுட்ப ஆலோசகர். இரண்டாம் நேர்முகத்தில் நானும் இருப்பேன். என் ஆதரவு உங்களுக்கு உண்டு. குறிப்புகள் தீர்ந்துகொண்டு வருகின்றன. மாதம் முப்பது புதிதாக எழுதித் தந்தால் உதவியாக இருக்கும்.'

இரண்டு தடவை படித்தேன். திருடினவன் வந்து, பீரோ காலியாகிவிட்டது, ரொப்பி வை என்கிறான்! ரொப்பி வைத்தால் வேலை, இல்லாவிட்டால் ஏணியும் ஃபேனும். அடுப்படிக்குப் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். டம்ளரைச் சிங்க்கில் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"நேர்முகம் முடியற வரைக்கும் வாயத் திறக்காதீங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "எழுதித் தரேன்னும் சொல்லாதீங்க, தரமாட்டேன்னும் சொல்லாதீங்க. வேலை கைக்கு வரட்டும். அப்புறம் அந்தாள உண்டு இல்லைன்னு பண்ணிடலாம்."

வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். தினம் ஒரு பதிவு போட்டேன், மெஷின் ரூமில் குளவிக்கூடு இருந்தால் என்ன செய்வது என்பது மாதிரி. மற்ற மெக்கானிக்குகள் கேட்டதற்குப் பதில் சொன்னேன். என் பழைய குழுவில் நாலு பேர் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து, 'அக்கா வந்தாச்சு' என்று ஊரைக் கூட்டினார்கள். ஒரு வாரத்தில் முன்னூறு பேர். நாத்தனார் தன் பெண்ணுக்கு மார்க் வந்த மாதிரி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஒரு விஷயம் மட்டும் அப்போதே என் கண்ணில் பட்டிருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தாண்டிப் போக முடியாது.

என் குறிப்புகள் எதுவும் ஒன்றில் தொடங்காது, இரண்டில்தான் தொடங்கும். முதல் வரியைக் காலியாக விட்டிருப்பேன். எங்கள் நோட்டு எப்போதும் ஒரு கயிற்றால் சுற்றிக் கட்டியிருக்கும். கயிற்றின் நுனியில் ஒரு பூட்டு, பூட்டில் சாவி. நோட்டைத் திறக்க வேண்டுமானால் கயிற்றை அவிழ்க்க வேண்டும், அவிழ்த்தால் பூட்டு கையில் வரும். அந்தப் பூட்டை மெயின் ஸ்விட்சை அணைத்து அதில் மாட்டிப் பூட்டிவிட்டுச் சாவியை உன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். கீழே வாட்ச்மேன் வந்தாலும் சரி, முதலாளியே வந்தாலும் சரி, நீ இறங்குகிற வரை கரண்ட் வராது. அதுதான் ஒன்று. அதை முடித்த பிறகுதான் நோட்டே திறக்கும், அப்புறம் அதை எதற்கு எழுத? முன்பு ஒருமுறை நான் கூரை மேல் இருக்கும்போது கீழே யாரோ ஸ்விட்சைப் போட்டுவிட்டதால் நான் கொண்டுவந்த ஏற்பாடு இது. எங்கள் ஏழு பேருக்கும் அதில் பெரிய பெருமை. புதிதாக வருகிறவனிடம் நோட்டை நீட்டி, "ஒண்ணு எங்க?" என்று கேட்போம், பூட்டைக் காட்டத் தெரிந்தால்தான் கூரைக்கு ஏற விடுவோம்.

கைக்குட்டைக்குக் காலி வரி எழுத்துப் பிழை மாதிரி தெரிந்திருக்கிறது. பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டை ஒன்றாக மாற்றி, மூன்றை இரண்டாக மாற்றி, அழகாக வரிசைப்படுத்திப் போட்டிருந்தான். அந்த முதல் நாளே நான் அதைப் பார்த்தேன். பார்த்து நாத்தனாரிடம் காட்டிச் சிரித்தேன். "திருடத் தெரிஞ்ச மடையனுக்கு ஒண்ணு எதுன்னு தெரியல பாரு" என்றேன். அந்த மாதம் முழுவதும் நான் வாய்விட்டுச் சிரித்தது அது ஒரு தடவைதான்.

ஒன்பது நாள் கழித்து, நேர்முகத்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போது, காலைக் காப்பியோடு போனைத் திறந்தேன். அந்தக் கதவுப் பழுதுப் பதிவின் கீழே ஒருத்தர் படம் போட்டிருந்தார். இடது கையில் பெரிய கட்டு. முகப்புப் படத்தில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நிற்கிற மனுஷர், இரண்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறாராம். 'சார் சொன்னபடியே ஏறிப் பெல்ட்டைத் தடவிப் பார்த்தேன். கதவு திடீர்னு ஓடிருச்சு. மூணு நாளாச்சு. ரெண்டு விரல் நுனி போச்சு. நான் எங்க தப்புப் பண்ணேன் சார்?'

கைக்குட்டை அதற்கு லைக் போட்டிருந்தான். 'விரைவில் குணமடைய வாழ்த்துகள். அனுபவமே ஆசான்!' என்று பதிலும் எழுதியிருந்தான்.

அவன் எதிரில் இருந்திருந்தால் அந்தக் கைக்குட்டையை அவன் வாயிலேயே திணித்திருப்பேன். கரண்டை அணைக்காமல் பெல்ட்டில் விரலை வைக்கச் சொல்லிவிட்டு வாழ்த்து சொல்கிறான்!

அந்தப் பதிவின் கீழே எழுதினேன்: '1. மெயின் ஸ்விட்சை அணை. பூட்டு. சாவி உன் பாக்கெட்டில். இதைச் செய்யாமல் கூரையில் ஏறாதே.' வேறு ஒரு வார்த்தை இல்லை. அடுத்த பதிவுக்குப் போய் அதே வரி. அதற்கடுத்த பதிவுக்கும் அதே வரி. இருபத்து மூன்றாவதில் 'நீங்கள் மிக வேகமாகப் பதிவிடுகிறீர்கள், சற்றுப் பொறுத்திருங்கள்' என்று தளம் என்னைத் தடுத்தது. என்னைப் பொறுக்கச் சொல்ல இதற்கும் துணிச்சல் வந்துவிட்டதா என்று போனையே திட்டினேன். பத்து நிமிஷம் பொறுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். நாற்பதுக்குப் போகும்போது முதலில் போட்டவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அழிக்கிறான். நாற்பத்து நாலில் என்னை பிளாக் செய்துவிட்டான்.

உடனே போன் அடித்தது.

"என்ன மேடம் இது? சின்னப் பிள்ளைத்தனமா?"

"ஒண்ணப் போடுங்க. எல்லாத்துலயும் ஒண்ணப் போடுங்க."

"போட்டது அத்தனையும் மாத்தினா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? இத்தனை நாள் தப்பாப் போட்டேன்னு ஆகாதா?"

"தப்பாத்தான் போட்டிருக்கீங்க. ஒரு மனுஷனுக்கு விரல் போயிருக்கு."

"அவரு கவனமா இருந்திருக்கணும். மூணு நாள்ல நேர்முகம் இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க."

போனை வைத்தேன். என் பக்கத்திலேயே எழுதினேன். 'தினமும் காலை எட்டு மணிக்கு வரும் லிஃப்ட் குறிப்புகள் என் நோட்டிலிருந்து எடுத்தவை. அவை இரண்டிலிருந்து தொடங்குபவை. ஒன்றை விட்டுவிட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒன்று: மெயினை அணை, பூட்டு, சாவி உன் பாக்கெட்டில். ஒருவருக்கு விரல் போயிருக்கிறது. தெரிந்த எல்லோருக்கும் அனுப்புங்கள்.' நாத்தனாரிடம் கேட்கவில்லை. அவள் படித்துவிட்டுத் தன் பதினாலாயிரம் பேருக்கும் அதை அனுப்பினாள்.

மத்தியானத்துக்குள் அது எங்கேயோ போய்விட்டது. என் பழைய குழு ஆட்கள் தங்கள் பூட்டைப் படம் எடுத்துப் போட்டார்கள். முன்பின் தெரியாத மெக்கானிக்குகள் தங்கள் பாக்கெட்டில் சாவி இருக்கிற படத்தைப் போட்டு, 'ஒன்று' என்று மட்டும் எழுதினார்கள். முன்னூறு பேர் ஒன்பதாயிரம் ஆனார்கள். யார் யாரோ வேலைக்குக் கூப்பிட்டார்கள், பேசக் கூப்பிட்டார்கள். மூன்று மணிக்குக் கைக்குட்டை தன் கணக்கையே பூட்டிக்கொண்டான். கடைசியில் அவனும் எதையோ பூட்டினான் என்றாள் நாத்தனார்.

நாலு மணிக்கு அந்த அதிகாரி அம்மா கூப்பிட்டார்.

"உங்க பேர்தாங்க பட்டியல்ல முதல்ல இருக்கு. ஆனா எங்க ஆலோசகரோட பொதுவுல இப்படிச் சண்டை வேண்டாம். அந்தப் பதிவ எடுத்துடுங்க. நாளைக்கே கையெழுத்துப் போட்டுடலாம்."

"விரல் போன ஆளப் பத்தி ஒண்ணும் கேக்கலையே நீங்க?"

"அது எங்க கட்டடத்துல நடந்தது இல்லையே."

"பதிவு இருக்கும்" என்றேன். "உங்க முப்பத்து நாலு லிஃப்ட்டையும் அந்தாளையே ஏறிப் பார்க்கச் சொல்லுங்க. மறக்காம கைக்குட்டை எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

நாத்தனார் கை தட்டினாள். வீட்டுக்காரர் பக்கத்து அறையிலிருந்து வந்து, நாலு மாதத்தில் முதல் தடவையாக, "நல்லா கேட்ட" என்றார். எனக்கும் மார்பு விம்மியது. பொய் சொல்லக் கூடாது, அந்த ஒரு மணி நேரம் உலகத்திலேயே நான்தான் யோக்கியம் என்று உட்கார்ந்திருந்தேன். புரொஃபைல் படத்தைக்கூட மாற்றலாம், இப்போது சிரிப்பு வரும் என்றேன். நாத்தனார் போனைத் தூக்கி என்னைப் படம் எடுத்தாள்.

அந்தப் படத்தைப் பார்க்கப் போனை வாங்கியபோதுதான் அந்த மெசேஜ் வந்திருந்தது. கையில் கட்டுப் போட்டவர். வலது கையால் மட்டும் அடித்திருப்பார் போல, ஒவ்வொரு வரியும் தனித்தனியாக வந்திருந்தது.

'அக்கா, நீங்க போட்டதப் படிச்சேன்.'

'இப்பதான் புரியுது.'

'நன்றிக்கா.'

'ஒண்ணு கேக்கலாமா?'

'அவர் ஒண்ண விட்டுட்டார்னு உங்களுக்கு எப்பக்கா தெரியும்?'

போனைக் கவிழ்த்து வைத்தேன். திருப்பி எடுத்தேன். பதில் எழுத ஆரம்பித்தேன். நேர்முகம் இருந்தது, வேலையில்லாமல் நாலு மாதம், அந்தாள் மிரட்டினான், பொறுத்திருக்கச் சொன்னார்கள், யாராவது நிஜமாகவே அப்படி ஏறுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. எழுத எழுத நீண்டுகொண்டே போனது. எல்லாம் உண்மை. எல்லாவற்றையும் படித்துப் பார்த்தபோது, 'கவனமா இருந்திருக்கணும்' என்று சொன்ன அதே ஆள் எழுதின மாதிரி இருந்தது. என் மேலேயே எனக்கு வந்த கோபத்தில் மொத்தத்தையும் அழித்தேன்.

"என்ன அண்ணி, யாரு?" என்றாள் நாத்தனார்.

அவளிடம் காட்டவில்லை. அன்றைக்கு என்னோடு சேர்ந்து சிரித்தவள் அவள் ஒருத்திதான்.

'ஒன்பது நாளுக்கு முன்னாடி' என்று எழுதினேன். அனுப்பினேன்.

படித்துவிட்டார் என்று அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.